மூன்றாவது கட்டம்

ஜூன் 17

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று உறுதி சொல்லித் தொடங்குகிறேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன், எனக்குச் சாதகமாகத் திருப்பவும் மாட்டேன். இந்த உறுதியை முதலில் என் நோட்டின் முதல் பக்கத்தில்தான் எழுதினேன். நோட்டுக்குச் சொன்னது அக்காவுக்கும் பொருந்த வேண்டும் என்று பிறகு தோன்றியது.

நோட்டு எதற்கென்றால், எங்கள் சமூக அறிவியல் டீச்சர் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். புத்தகத்தைப் பார்த்து எழுதும் வேலை இல்லை. ஏதாவது ஓர் இடத்தில் முப்பது நாள் உட்கார்ந்து, தினமும் நடக்கிற ஒரு சின்ன விஷயத்தை மட்டும் கவனித்து எண்ண வேண்டும். "பெரிசா எதையும் தேடாதீங்க. கண்ணு முன்னாடி இருக்கிறதாலயே தெரியாமப் போற விஷயம் ஒண்ணைப் புடிங்க" என்றார். என் பக்கத்தில் உட்காருகிறவள், பஸ்ஸில் யார் யாருக்கு எழுந்து இடம் கொடுக்கிறார்கள் என்று எண்ணப்போகிறாள். நான் எடுத்திருப்பது 'நீ'யும் 'நீங்க'வும்.

சிரிக்காதே. இடம், அப்பாவின் அலுவலகம். பள்ளி விட்டதும் நான் அங்கேதான் போகிறேன். நீயும் அப்படித்தான் வளர்ந்தாய். நடைவழியில் அப்பாவின் பியூன் ஸ்டூலுக்குப் பின்னால், பழைய ஃபைல் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், ஓர் ஆள் அகலத்துக்கு இடம் இருக்கிறதே, அங்கே உட்கார்ந்தால் நாலு அறையின் கதவும் தெரியும், பேச்சும் கேட்கும். நான் அங்கே இருப்பது யாருக்கும் உறைக்காது. நோட்டில் இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன். இடது கட்டம் 'நீ', வலது கட்டம் 'நீங்க'. 'வா' என்றாலும் இடதுதான், 'வாங்க' என்றாலும் வலதுதான். யார், யாரிடம், எத்தனை வயது வித்தியாசம் என்று ஓரத்தில் குறிப்பு.

இன்னொரு செய்தி. அப்பா அடுத்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு பெறுகிறார். அலுவலகத்தில் ஒரு சின்னக் கூட்டம் வைப்பார்களாம், குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டையாகிவிடுகிறது, எதுவானாலும் கடிதம் போடு என்று நீதான் சொன்னாய். அதனால் கடிதத்தில் கேட்கிறேன். நீ வருவாயா? அப்பா கேட்கச் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
எலி

பின்குறிப்பு: உறுதி சொன்னதால் திருத்துகிறேன். அம்மா கேட்கச் சொன்னாள்.


ஜூன் 24

எலி,

கடிதம் கிடைத்தது. எழுத்து முன்பைவிடத் திருத்தமாக இருக்கிறது. புத்தகத்தைத் தின்று தின்று கையெழுத்தும் அச்சு மாதிரி ஆகிவிட்டது போல.

வர முடியாது. இங்கே ஓட்டலில் ஆள் நிரம்பி வழியும் மாதம் அது. சலவைக்கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது, ஜன்னல் கிடையாது. ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு, ஆயிரத்துச் சொச்சம் துண்டு. மூன்று மாதமாக நான் மேற்பார்வையாளர். பதினோரு பேர் என் கீழே. விரிப்பில் கறை இருந்தால் கேள்வி என்னைத்தான் கேட்பார்கள். லீவு கேட்டால் மூஞ்சியைப் பார்ப்பார்கள்.

இது ஒரு காரணம். இன்னொரு காரணம் உனக்கே தெரியும். இரண்டு வருடம் முன்னால் அதே அலுவலகத்தில் நான் தற்காலிகமாக டைப் அடித்துக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த சின்ன சார் அப்பாவைப் பார்த்து, "ஏய், நீ போயி கார்ல இருக்கிற பைய எடுத்துட்டு வா" என்றார். நான் அவர் அறைக்குள் போய், "எங்க அப்பாவுக்கு உங்க அப்பா வயசு. நீங்கன்னு கூப்பிடுங்க சார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த ஆள்கூட வாயைத் திறக்கவில்லை. அப்பாதான் ஓடி வந்தார். "சின்னப் பொண்ணு சார், விவரம் பத்தாது, மன்னிச்சிடுங்க" என்று குனிந்து நின்றார். நான் பக்கத்தில் நிற்கிறேன், எலி. நான் செய்யாத தப்புக்கு என் சார்பில் மன்னிப்பு.

இப்போது அதே இடத்தில் உட்கார்ந்து அதே வார்த்தையை நீ எண்ணுகிறாய். எண்ணு. உன் கணக்கில் என்னை இழுக்காதே.

அக்கா


ஜூலை 1

அன்புள்ள அக்கா,

இழுக்கவில்லை. ஆனால் வீட்டுக் கணக்கில் நீ தானாகவே வந்துவிட்டாய். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பதினோரு வேலை நாள் முடிந்தன. சின்ன சாருக்கு வயது முப்பத்தொன்று, அப்பாவுக்கு அறுபது. சின்ன சார் அப்பாவை 'நீ' என்றது அறுபத்து மூன்று முறை. 'நீங்க' ஒரு முறைகூட இல்லை. நான் கோபப்படாமல்தான் எண்ணினேன். கோபம் வந்தால் கோடு கோணலாகிவிடுகிறது.

ஹெட் கிளார்க் விசித்திரமானவர். தனக்குக் கீழே இருக்கும் எல்லோரும் அவருக்கு 'நீ'. மேலே இருப்பவர்களை 'நீங்க' என்றுகூடச் சொல்வதில்லை, எதிரே நிற்பவரிடமே "ஐயா என்ன நினைக்கிறாங்களோ, அப்படியே செஞ்சிடலாம்" என்கிறார். அந்த ஐயா யாரென்று நான் முதல் நாள் வாசல்வரை எட்டிப் பார்த்தேன்.

உன் இடத்துக்கு வந்திருக்கும் டைப்பிஸ்ட் அக்கா எல்லோரையும் 'நீங்க' என்கிறார், பெருக்கும் அம்மாவைக்கூட. ஹெட் கிளார்க் கேட்டார், "ஏம்மா, நம்ம பூனைக்கும் நீங்க போடுவியா?" அதற்கு அவர், "என்னைவிடப் பெரியவங்களா இருந்தா போடுவேன் சார்" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. ஹெட் கிளார்க்கும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

பெருக்கும் அம்மாவுக்கு வயது அறுபத்து மூன்று. அப்பாவைவிட மூன்று வயது பெரியவர். அவர் காண்ட்ராக்ட் ஆள் என்பதால் ஓய்வு என்று ஒன்று அவருக்குக் கிடையாதாம். முடியாமல் போகிற நாள்தான் ஓய்வு. அவர் எல்லோரையும் 'நீங்க' என்கிறார். அந்தக் கட்டடத்தில் அவர் 'நீ' என்று சொல்லும் ஒரே உயிர் பூனைதான். அவரை 'நீ' என்பவர்கள் பட்டியலில் அப்பா இருக்கிறார். இருபத்திரண்டு முறை. இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதினேன்.

இனி வீடு. அப்பா அம்மாவை 'நீ' என்கிறார், அம்மா அப்பாவை 'நீங்க' என்கிறாள், விதிவிலக்கே இல்லை. "ஒரு தடவைகூட மாத்திச் சொன்னதில்லையாம்மா?" என்று கேட்டேன். தையல் மெஷினை நிறுத்தாமல் அம்மா சொன்னாள்: "ஒரே ஒரு நாள். உங்க அக்கா பொறந்த அன்னிக்கு, வலியில. 'உன்னாலதான்டா எல்லாம்'னு கத்தினேன். அவரு பாவம், 'சரிம்மா சரிம்மா'ன்னு நின்னாரு."

நான் அம்மாவை 'நீ' என்றும் அப்பாவை 'நீங்க' என்றும் சொல்கிறேன். நீ மட்டும்தான் அப்பாவை 'நீ' என்பாய்.

இப்போது உன் கணக்கு. உன்னைப் பற்றிப் பேசும்போது அப்பா 'அவங்க' என்கிறார். "அவங்க லெட்டர் வந்துச்சா?", "அவங்களுக்கு அங்க வசதியா இருக்காமா?" இப்படி ஒன்பது முறை. எல்லாவற்றையும் வலது கட்டத்தில், மரியாதைப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். அக்கா, வீட்டில் வேறு யாருக்கும் அவர் இந்த மரியாதை கொடுப்பதில்லை. நீ கோபமாக இருப்பதற்குக் காரணமே இல்லை என்று என் நோட்டு சொல்கிறது.

இப்படிக்கு,
எலி


ஜூலை 5

எலி,

நீ படித்த மண்டு. மண்டுகளிலேயே அந்த வகைதான் ஆபத்து.

மன்னிப்புக் கேட்ட நாள் சாயங்காலம் வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது. நீ டியூஷனில் இருந்தாய். அப்பாவிடம் கத்தினேன். அவர் சொன்னார்: "நீயே என்னை நீ நீன்னுதான் கூப்பிடுற. அந்தத் தம்பி சொன்னா மட்டும் குத்துதா?" அந்த 'நீ' வேறு, இந்த 'நீ' வேறு என்று தெரியும், ஆனால் எப்படிச் சொல்வது? ஒரே எழுத்து. ஒரே சத்தம். நான் சொல்லத் தெரியாமல், "நீ அடிமையாவே இருந்து பழகிட்டே" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை சாப்பிட உட்கார்ந்தேன். அப்பா வந்தார். "நீங்க சாப்பிட்டீங்களா? டீ போதுமா உங்களுக்கு?" என்றார். முதலில் கிண்டல் என்று நினைத்தேன். மத்தியானமும் அதேதான். "நீங்க பெரிய மனுஷி. நாங்க அடிமைங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." பிறந்ததிலிருந்து என்னை வாடி போடி, கழுதை என்று கூப்பிட்ட மனுஷன். ஆறு நாள் அந்த மரியாதையைத் தின்றேன். ஏழாம் நாள் பஸ் ஏறினேன்.

அதைத்தான் நீ மரியாதைக் கட்டத்தில் போட்டு, ஒன்பது என்று கூட்டி அனுப்பியிருக்கிறாய். அது மரியாதை இல்லை, எலி. கதவைச் சாத்துகிற சத்தம்.

லீவு கிடைக்காது என்று எழுதினேன் அல்லவா? கேட்டால் கிடைக்கும். அந்த மனுஷன் வாயிலிருந்து என்னைப் பற்றி ஒரு 'அவ' வந்தால் வருகிறேன். 'அவங்க' இருக்கிற வீட்டுக்கு வரமாட்டேன். இதை அவரிடம் சொல்லாதே. சொல்லி வாங்கினால் அது எனக்கு வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன். எல்லோரையும் எண்ணினாயே, உன்னை எண்ணினாயா?

அக்கா


ஜூலை 12

அன்புள்ள அக்கா,

எண்ணினேன். எங்கள் பள்ளியில் கழிவறை கழுவும் அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். அவரிடம் "வாளிய நகத்து", "தள்ளு, நான் போகணும்" என்று ஒரே வாரத்தில் ஏழு முறை சொல்லியிருக்கிறேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை. எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொன்னேன். எட்டாவது முறை "நகத்துங்க" என்றேன். அவர் திரும்பித் தன் பின்னால் பார்த்தார், டீச்சர் யாராவது வருகிறார்களா என்று.

உன் கடிதத்துக்குப் பிறகு மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, ஒன்பதையும் அங்கே மாற்றினேன். தலைப்பு எழுதத் தெரியவில்லை. டீச்சர் நோட்டைப் பார்த்து, "தலைப்பில்லாம ஒரு கட்டமா?" என்றார். "சத்தம் ஒண்ணு, அர்த்தம் வேற. அதெல்லாம் இதுல போடறேன் டீச்சர்" என்றேன். "சரி, காலியாவே இருக்கட்டும். கிடைக்கும்போது எழுது" என்றார்.

இன்னொரு விபத்தும் நடந்தது. நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் டைப்பிஸ்ட் அக்கா நோட்டை எடுத்துப் படித்துவிட்டார். விழுந்து விழுந்து சிரித்தாராம். பிறகு ஒருவரிடம் மட்டும் சொன்னாராம். மறுநாள் அலுவலகம் முழுக்கத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து நான் இருக்கும் நேரத்தில் யாரும் 'நீ'யும் சொல்வதில்லை, 'நீங்க'வும் சொல்வதில்லை. இரண்டும் இல்லாமலே பேசுகிறார்கள்! சின்ன சார், "டீ ஒண்ணு வந்தா நல்லா இருக்கும்" என்று கூரையைப் பார்த்துச் சொல்கிறார். ஹெட் கிளார்க், "அந்த ஃபைல் இந்தப் பக்கம் வந்தாத் தேவலை" என்கிறார். பெருக்கும் அம்மாவிடம், "இந்த மூலையில குப்பை இருக்கு" என்றார். அவர், "ஆமாங்கய்யா, இருக்கு" என்று ஒத்துக்கொண்டு போய்விட்டார். எண்ணுவதற்கு எதுவுமே கிடைக்காமல் என் கணக்கு இரண்டு நாள் காலியாகக் கிடந்தது.

அப்பாவோடு வீட்டுக்கு நடந்து வரும்போது மன்னிப்புக் கேட்டேன். அவர் முதலில் சிரித்தார். "டீ வந்தா நல்லா இருக்கும்னாரு. சரி, வரட்டும்னு நானும் உட்கார்ந்திருந்தேன்" என்றார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "பத்தொன்பது நாள்தான் இருக்கு. பென்ஷன் காகிதத்துல அந்தத் தம்பி கையெழுத்து இன்னும் போடல. அதுவரைக்கும் அந்த நோட்ட மூடி வை, தாயி" என்றார்.

"இப்படிப் பயந்துதான் அன்னிக்கும் மன்னிப்புக் கேட்டீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அன்னிக்கு அந்த மேசையில ஒரு காகிதம் இருந்துச்சு. அவங்க வேலைய இன்னொரு வருஷம் நீட்டிக்கிற காகிதம். கையெழுத்துக்குக் காத்துக்கிட்டு இருந்துச்சு. எனக்காகக் குனியலை."

இன்னும் 'அவங்க'தான், அக்கா. மூன்றாவது கட்டத்தில் போட்டேன்.

எனக்கும் ஒரு குறை இருக்கிறது. இதுவரை எழுதவில்லை; உண்மையை மறைத்தால் அதுவும் பொய்தான். நீ பஸ் ஏறிய காலையில் நான் பள்ளிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது உன் சீப்பு இல்லை. உன் போர்வை மடித்து என் போர்வைமேல் இருந்தது. நீயும் அப்பாவும் சண்டை போட்டீர்கள், சரி. என்னிடம் என்ன சண்டை? இரண்டு வருடமாக இந்த வீட்டில் நான்தான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துப் பேச்சையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். நோட்டு வாங்கியது போன மாதம்தான்.

உன் சலவைக்கூடத்தில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? பதினோரு பேரை நீ எப்படிக் கூப்பிடுகிறாய்?

இப்படிக்கு,
எலி


ஜூலை 22

எலி,

உன் கடிதத்தை ஒரு வாரம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் காகிதம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை, ஆறு நாள் 'நீங்க' போட்டபோதுகூட. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். அப்போதும் கத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வேறு வார்த்தை.

போர்வை விஷயம். உன்னைப் பார்த்தால் போக மாட்டேன் என்று தெரிந்துதான் நீ இல்லாத நேரமாகப் பார்த்தேன். இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: 'நீ'. பதினோரு பேரையும் 'நீ'. அதில் ஏழு பேர் என்னைவிட மூத்தவர்கள். விரிப்பை இஸ்திரி மெஷினில் கொடுக்கும் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு. அவரை முதல் வாரம் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். எப்போது மாறியது என்று ஞாபகமே இல்லை. அவசரத்தில் 'போடுங்க' என்பதைவிடப் 'போடு' சீக்கிரம் முடிகிறது. அரை நொடி லாபம். அந்த அரை நொடியில்தான் மேற்பார்வையாளர் ஆனேன் போல.

சரி, திருத்திக்கொள்வோம் என்று திங்கட்கிழமை அவரிடம், "அடுத்த விரிப்புக் கட்டை எடுத்துக்கோங்க" என்றேன். கையிலிருந்த விரிப்பை அப்படியே விட்டுவிட்டார். "என்ன மேடம், ஆள் குறைக்கிறாங்களா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். எனக்கு முன்னால் இருந்த மேற்பார்வையாளரும் எல்லோரையும் 'நீ' என்பவன்தானாம். வேலையை விட்டு அனுப்பும் காகிதம் கொடுக்கிற அன்றைக்கு மட்டும், "நீங்க கொஞ்சம் ஆபீஸ் ரூமுக்கு வாங்க" என்பானாம்.

உன் மூன்றாவது கட்டத்தில் இதையும் போட்டுக்கொள்.

அப்படி இல்லை, பெரியவர் என்பதால் சொன்னேன் என்று விளக்கினேன். அவர் விழுந்த விரிப்பைக் குனிந்து எடுத்தார். அப்புறம், "நீ நீன்னே கூப்பிடு கண்ணு. எனக்கு ஒண்ணும் கொறையல. ஆனா நின்னு நின்னு காலு வீங்குது, உட்கார ஒரு ஸ்டூலு கேட்டுக் குடு" என்றார். எட்டு மணி நேரமும் அவர் நின்றுகொண்டுதான் இருக்கிறார். நாலு மாதமாக நான் அவரைக் கடந்து போகிறேன். அவர் நிற்பது எனக்குத் தெரியவே இல்லை. உன் டீச்சர் சொன்னது சரிதான்.

ஸ்டூல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேலே இருந்து இன்னும் பதில் இல்லை. 'நீங்க'வுக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஸ்டூலுக்கு மூன்று பேர் கையெழுத்து வேண்டும்.

நான் போட்ட நிபந்தனையில் மாற்றம் இல்லை. ஆனால் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன். முப்பத்தொன்றாம் தேதி காலையில் அவரிடம் கொடு. பிரிக்காதே. அன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுது.

அக்கா


ஜூலை 31, மாலை 5.10
அலமாரிக்குப் பின்னால்

அன்புள்ள அக்கா,

சீட்டைப் பிரித்துப் படித்துவிட்டேன். பிறகு மடித்துக் கொடுத்தேன். "அப்பா, இன்னைக்கு உன்னை நாற்காலியில உட்கார வெப்பாங்க. உட்காரு. எழுந்திரிக்காத" என்று எழுதியிருந்தாய். அப்பா அதைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கூட்டம் மூன்று மணிக்குத் தொடங்கியது. கூட்ட அறையிலிருந்து மெத்தை வைத்த கைப்பிடி நாற்காலியைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் போட்டு, அப்பாவை அதில் உட்கார வைத்தார்கள். அவர் விளிம்பில் உட்கார்ந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து பழகியதால் முதுகு சாயவே இல்லை. சின்ன சார் பேசினார். "நீங்க இல்லாம இந்த ஆபீஸ் எப்படி ஓடப்போகுதுன்னு தெரியல" என்று ஆரம்பித்தார். பன்னிரண்டு நிமிடப் பேச்சில் 'நீங்க', 'உங்க', 'உங்களை' எல்லாம் சேர்த்து நாற்பத்தொன்று. வலது கட்டத்தில் இடம் போதாமல் பக்கம் திருப்பினேன். அம்மா என் காதில், "முப்பது வருஷ பாக்கிய மொத்தமாக் குடுக்கிறாங்களா?" என்றாள். ஒரு பூங்கொத்தும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். பிஸ்கட்டும் டீயும் வந்தன. டீயை அப்பாவுக்கு டைப்பிஸ்ட் அக்கா கொண்டுவந்து கொடுத்தார். கூட்டம் முடிந்ததும் அம்மா கடிகாரத்தையும் பூங்கொத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நான் அப்பாவோடு வருகிறேன் என்று இருந்துகொண்டேன்.

மூன்று ஐம்பத்திரண்டுக்குச் சின்ன சார் தன் அறை வாசலில் நின்று, "அந்தச் சேரை எடுத்து உள்ள போட்டுடு" என்றார். வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். அப்பாவைத்தான் சொன்னார். அவர் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பழக்கம்.

டைப்பிஸ்ட் அக்கா சட்டென்று எழுந்தார். "நான் போடறேன் சார்."

"நீ உட்காரும்மா" என்றார் அப்பா. எழுந்து, நாற்காலியைத் தூக்கினார். நீ எழுதிய சீட்டு அவர் பையில் இருக்கிறது, ஆனாலும் அவர் தூக்கிவிட்டாரே என்று நினைத்தேன். கூட்ட அறையின் கதவு வரை போனார். உள்ளே போகவில்லை. அப்படியே தாண்டி நடைவழிக்கு வந்தார். ஸ்டூலை எடுத்து அலமாரிமேல் வைத்தார். ஸ்டூல் இருந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு, அதில் உட்கார்ந்தார். இந்த முறை முதுகு சாய்ந்தது.

நடந்தபடி எழுத வேண்டும் என்பதால் இதையும் சொல்கிறேன்: பென்ஷன் காகிதத்தில் இன்று காலையிலேயே கையெழுத்தாகிவிட்டது. இதைச் சொல்லாமல் விட்டால் அப்பா பெரிய வீரர் போலத் தெரிவார்.

சிறிது நேரத்தில் சின்ன சார் ஒரு ஃபைலோடு வந்தார். அப்பா எழுந்திருக்கவில்லை. சின்ன சார் நாற்காலியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், அலமாரிக்குப் பின்னால் என் நோட்டைப் பார்த்தார். "இந்த ஃபைல்..." என்றார். "இது கொஞ்சம்..." என்றார். ஆள் இல்லாத வாக்கியம் ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஃபைலைத் தானே எடுத்துக்கொண்டு ஹெட் கிளார்க்கிடம் போனார். எந்தக் கட்டத்திலும் போட முடியாததால் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

நாலரை மணிக்குப் பெருக்கும் அம்மா வந்தார். அப்பா பாதி எழுந்து, "இப்படிக் கொஞ்சம் உட்காருங்களேன்" என்றார். 'நீங்க', ஒன்று. அவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, "என்னண்ணே, போற அன்னிக்குக் கிண்டலா? தள்ளுங்க, காலுக்குக் கீழ பெருக்கணும்" என்றார். அப்பா காலைத் தூக்கிக்கொண்டார். அவர் உட்காரவில்லை. அவருக்கு இன்னும் மூன்று அறை பாக்கி இருந்தது.

இப்போது எல்லோரும் போய்விட்டார்கள். அப்பா சட்டைப் பையிலிருந்து உன் சீட்டை எடுத்து மறுபடியும் படித்தார். "லெட்டர் எழுதறியா?" என்றார்.

"ஆமாப்பா."

"உட்கார்ந்தாச்சுன்னு எழுதிடு."

எழுதினேன்.

"அவ எப்ப வர்றாளாம்?"

அக்கா, பேனா நின்றுவிட்டது. நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. காதில் சரியாக விழவில்லையோ என்று, "யாருப்பா?" என்று கேட்டேன்.

"வேற யாரு? அந்தக் கழுதைதான். உட்காரு, எழுந்திரிக்காதன்னு எனக்கே உத்தரவு போடறா பாரு. எந்த பஸ்ஸுன்னு கேளு, ஸ்டாண்டுக்கு நான் போறேன்."

'அவ' ஒன்று. 'போடறா' ஒன்று. 'கழுதை' ஒன்று. மூன்றையும் மூன்றாவது கட்டத்தில் போட்டேன். உன் 'உட்காரு'வையும் அதிலேயே சேர்த்தேன். உன் இஸ்திரி அம்மாவின் 'நீங்க'வும் அங்கேதான் இருக்கிறது. தலைப்பு இன்னும் கிடைக்கவில்லை. நாளைக்கு நோட்டைக் கொடுக்க வேண்டும். காலியாகவே கொடுக்கப்போகிறேன்.

அப்பா கடைசி முறையாகச் சுற்றி வருகிறார். வழக்கம்போல ஒவ்வோர் அறையாக ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்து, விசிறியை நிறுத்தி, ஸ்விட்சைத் தட்டுகிறார். சின்ன சார் அறை இருட்டிவிட்டது. டைப் அறையும். ஹெட் கிளார்க் மேசையில் விட்டுப்போன கண்ணாடியை இழுப்பறையில் எடுத்து வைத்தார். நாற்காலியைக் கூட்ட அறைக்கு எடுத்துப்போய்ப் பழைய இடத்திலேயே போட்டுவிட்டு வந்தார்; யாரும் சொல்லவில்லை. மீதி இருப்பது என் தலைக்கு மேலே இருக்கும் விளக்கு மட்டும்தான்.

"முடிஞ்சுதா?" என்கிறார்.

இன்னும் ஒரு வரி என்றேன். எந்த பஸ்?

இப்படிக்கு,
எலி

மாலை 6.02. விளக்குகள் அணைக்கப்பட்டன.